இனிஷியல்

"இந்த ஏ-பி என்னங்க, இனிஷியலா?"
மூன்றாவது ஜன்னல்காரர்
என் பெயரின் நடுவில் பேனாவை நிறுத்தியிருந்தார்.
கோகிலவாணி ஏ/பி அர்ச்சுனன்.
அனாக் பெரம்புவான், மலாயில் பெண்பிள்ளை,
இன்னாருக்கு மகள் என்று போடுவது என்றேன்.
"அப்ப நடுவுல கோடு?"
கோட்டுக்கு எனக்கும் அர்த்தம் தெரியாது.
"கம்ப்யூட்டர் கோட்டை எடுத்துக்காதுங் அம்மிணி."

காங்கேயத்திலிருந்து திருப்பூருக்கு
அது பதினோராவது நடை.

அதற்கு முன்பே பேப்பரில் போட்டாயிற்று,
ஸ்பின்னிங் மில்லுக்கு ஆள் தேவைக்கும்
சினை எருமை விற்பனைக்கும் இடையில்:
இவருக்குக் குடியுரிமை வழங்குவதில்
ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதலாம்.
"எனக்கு ரெண்டு மூணு இருக்குது, எழுதட்டுங்களா அண்ணி?"
நாத்தனார் சிரித்தாள்.
நன்னடத்தைக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் இருவர்:
கொப்பரை மண்டி நாச்சிமுத்து,
ரெஜினா டீச்சர்.
ஏட்டு வந்து களத்தில் விசாரித்தார்,
இந்தம்மா இங்கதான் குடியிருக்குதா?
காய் உடைத்துக்கொண்டிருந்த சரசாள்
அரிவாளை வைக்காமலே சொன்னாள்,
"மழை வந்தா தார்ப்பாய் இழுக்கறது யாருங்கறீங்க?"

சென்னையில் அந்தத் தூதரகப் பெண்
என் நீல அட்டையின் மூலையைக் கத்தரிக்கும் முன்
ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.
பெத்துல் கே? நிஜமாகவா?
பெத்துல் என்றேன்.
கத்தரிக்குச் சின்னச் சத்தம்.
பதினெட்டு வயசு முகம் தப்பித்தது,
மூலை மட்டும் போனது.

பிறகு நாற்பத்தொரு நாள்
நான் எந்த நாட்டுக்காரியும் இல்லை.
பருப்பு வெந்தது.
பால்காரர் எப்போதும்போல் அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஊற்றினார்.
களத்தில், முதல் இரண்டு வெயில்
ஓட்டைப் பிடித்துக்கொண்டிருந்த தேங்காய்
மூன்றாம் வெயிலில் சுருங்கிக் கழன்றது.
நடுவில் எனக்கு நாலு நாள் காய்ச்சல்.
செத்துவிட்டால் எந்த நாட்டில் எழுதுவார்கள்
என்று ராத்திரி கேட்டேன்.
"காங்கேயம் முனிசிபாலிட்டி"
என்று திரும்பிப் படுத்தார் குழந்தைவேல்.

உறுதிமொழி எடுத்த திங்கட்கிழமை
ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரே கூட்டம்.
பச்சைத் துண்டுகள். மனுக்கள்.
கடைமடைக்குத் தண்ணி விடு.
உள்ளே, மின்விசிறி தாளைப் பறக்கவிடாமல்
பேப்பர்வெயிட்டை என் பக்கம் தள்ளினார் அதிகாரி.
"தமிழ் படிப்பீங்கள்ல?"
படித்தேன்.
சட்டத்தின்படி அமைந்த அரசியலமைப்பின்பால்
உண்மையான பற்றும்,
தண்ணி விடு,
மாறாத விசுவாசமும்,
தண்ணி விடு.
கடமை என்ற இடத்தில் தொண்டை அடைத்தது.
அவர் ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.
வேண்டாங்க என்றேன், கேட்கட்டும்.
யார் கேட்க என்று
எனக்கே தெரியவில்லை.

சான்றிதழில் இருந்தது: ஏ.பி. கோகிலவாணி.
அப்பா பெயர் தனிக் கட்டத்தில்,
பத்திரமாக, யாரோ ஒருவர்போல.
"திருத்தணும்னா இப்பவே சொல்லிருங்.
மறுபடி டெல்லி போயிட்டு வரோணும்."
இரண்டு எழுத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தேன்.
கோடு போய் இரண்டு புள்ளி.
இருக்கட்டுங்க என்றேன்.

சுங்கை சிப்புட்டில் ராத்திரி பத்தரை.
முடிஞ்சுதா என்றார் அப்பா.
முடிஞ்சுது.
"அப்ப ஒன் ஐ.சி. நம்பரு?"
அது இனி இல்லப்பா.
பிறந்த தேதியில் தொடங்கும் அந்தப் பன்னிரண்டு எண்ணையும்
நிறுத்தி நிறுத்திச் சொல்லி முடித்தார்,
சரியாத்தானே இருக்கு என்பதுபோல.
டிவி ஓடும் சத்தம் கேட்டது.
"சாப்பிட்டியா லா" என்றார்.

அடுத்த வாரம் ரேஷன் கடை.
பெயர் சேர்க்கும் படிவத்தில்
விற்பனையாளர் தலை நிமிராமல் கேட்டார்,
"ஏ.பி.க்கு விரிவு என்னங்க?"
பின்னால் பாமாயிலுக்கு இருபது பேர்.
"அவினாசி பல்லடம்" என்றேன்.
எழுதிக்கொண்டார்.